பெட்டியில் இருப்பதும் குழாயில் வருவதும்: கோலாலம்பூருக்குப் புதியவர்களுக்கான சிறுநீரக வழிகாட்டி

கோலாலம்பூரில் வீடு பிடித்துச் சாமான் இறக்கிய வாரமே யாராவது தண்ணீர் வடிகட்டி விற்க வருவார்கள். குழாய் நீரை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்து, இரண்டு கம்பிகளை உள்ளே விட்டு மின்சாரம் பாய்ச்சுவார்கள். கொஞ்ச நேரத்தில் நீர் பழுப்பாகிவிடும். "பாருங்கண்ணே, இதுதான் உங்க கிட்னிக்குள்ள போவுது" என்பார்கள். அந்தப் பழுப்பு பெரும்பாலும் கம்பியில் உள்ள இரும்பு கரைவதால் வருவது. உப்புச்சத்து கொஞ்சம் உள்ள எந்த நல்ல தண்ணீரிலும் அதே வித்தையைக் காட்டலாம்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டியது உண்டு. ஆனால் என் வரிசையில் அது ஐந்தாவது. சிறுநீரகத்தைக் கெடுக்கும் நச்சுகள் பலவற்றை ஊரிலிருந்து நாமே பெட்டியில் கட்டிக்கொண்டு வருகிறோம், இல்லாவிட்டால் வேலையிடத்தில் மூச்சோடு இழுக்கிறோம். அதனால்தான் இந்த வரிசை.

ஏன் சிறுநீரகத்துக்கு மட்டும் இவ்வளவு அடி? இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குப் போகிறது. இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டி, அதில் ஒன்றிரண்டு லிட்டரைத் தவிர மற்றதையெல்லாம் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. உறிஞ்சும் அந்த நுண்குழாய்ச் செல்களில்தான் காட்மியம், பாதரசம், காரீயம் போன்ற உலோகங்கள் போய்த் தங்குகின்றன. காட்மியம் பாதியாகக் குறையவே 10 முதல் 30 ஆண்டு ஆகும். சிறுநீரகம் வலித்து எச்சரிக்கும் உறுப்பும் அல்ல.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸுக்கு வருபவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு மூல காரணம் இங்கே இனிப்பு நீர் என்று சொல்லும் நீரிழிவு. அடுத்தது இரத்த அழுத்தம். மாசு பெரும்பாலும் இவற்றின் மேல் ஏறி உட்காரும் கூடுதல் சுமை. சர்க்கரை 14ஐ (ஊர்க் கணக்கில் சுமார் 250ஐ) தாண்டி நிற்கும்போது வடிகட்டியின் பிராண்டைப் பற்றி விவாதிப்பதில் பயனில்லை.

முதல் படி: எண்களை வாங்கி வையுங்கள்

2018இல் இங்கே எடுத்த ஆய்வில் பெரியவர்களில் 15.48 விழுக்காட்டினருக்கு நாட்பட்ட சிறுநீரக நோய் இருப்பது தெரிந்தது. 2011இல் அது 9.07 விழுக்காடு. நோய் இருந்தவர்களில் தமக்கு அது இருப்பதை அறிந்திருந்தவர்கள் 5 விழுக்காடு மட்டுமே. ஆகவே வந்த சில மாதங்களுக்குள், உடம்பு நன்றாக இருக்கும்போதே, ஒரு முறை பரிசோதனை செய்து தாளை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எது ஏறினாலும் இறங்கினாலும் ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் உதவும்.

கேட்க வேண்டியவை இரண்டு. ஒன்று இரத்தத்தில் கிரியாட்டினின், அதிலிருந்து இ.ஜி.எஃப்.ஆர். என்ற வடிகட்டும் வேகத்தைக் கணக்கிட்டுத் தருவார்கள். மற்றது சிறுநீரில் அல்புமின்-கிரியாட்டினின் விகிதம், சுருக்கமாக ஏ.சி.ஆர். பல மருத்துவப் பரிசோதனைத் தொகுப்புகளில் முதலாவது இருக்கும், இரண்டாவது இருக்காது. வாய்விட்டுக் கேட்டால்தான் செய்வார்கள். கூடவே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். வேலை பெர்மிட்டுக்காகச் செய்த ஃபொமேமா பரிசோதனையில் தேறிவிட்டதால் சிறுநீரகம் பத்திரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அது வேலைக்குத் தகுதியா என்று பார்ப்பது.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் இங்கே ஒரு இடத்தில் பயந்துபோகிறார்கள். ஊரில் கிரியாட்டினின் 0.9, 1.0 என்று வரும். இங்கே அதே ஆளுக்கு 88 என்று வரும். ஒன்றும் ஆகிவிடவில்லை. அங்கே மில்லிகிராமில் சொல்கிறார்கள், இங்கே மைக்ரோமோலில். ஊர் எண்ணை 88.4ஆல் பெருக்கினால் இங்குள்ள எண் வந்துவிடும். சர்க்கரைக்கும் இதே கதைதான். இங்குள்ள எண்ணை 18ஆல் பெருக்கினால் ஊர்க் கணக்கு கிடைக்கும். ஏ.சி.ஆர். இங்கே 3க்குக் கீழே இருந்தால் நல்லது. ஊரில் அதை 30க்குக் கீழே என்பார்கள்.

இ.ஜி.எஃப்.ஆர். 60க்குக் கீழே வந்தாலோ, ஏ.சி.ஆர். கூடியிருந்தாலோ உடனே முடிவு கட்ட வேண்டாம். மூன்று மாதம் கடந்தும் அப்படியே நின்றால்தான் நாட்பட்ட நோய் என்று சொல்வார்கள். காய்ச்சல், மாதவிடாய், ஜிம்மில் கடும் உடற்பயிற்சி, முந்தின இரவு ஆட்டிறைச்சி விருந்து எல்லாமே எண்களைக் கொஞ்சம் அசைக்கும்.

உலோகங்களுக்கான தனிப் பரிசோதனை எல்லோருக்கும் தேவையில்லை. காரணம் இருப்பவர்களுக்கு மட்டும், மருத்துவர் சொல்லிச் செய்வது. காரீயத்துக்கு இரத்தம், முகக் கிரீம் பாதரசத்துக்குச் சிறுநீர். ஆர்சனிக் பார்ப்பதாக இருந்தால் சில நாள் முன்னதாகவே மீன், நண்டு, இறாலை நிறுத்திவிட வேண்டும். கடல் உணவில் உள்ள பெரிதாகத் தீங்கில்லாத ஆர்சனிக் மொத்தக் கணக்கை ஏற்றிக் காட்டிவிடும். காட்மியம் முதலில் வெளியேற்றுவது மிகச் சிறிய புரதங்களை. சாதாரணச் சிறுநீர்க் குச்சியில் அது பிடிபடாமல் போகலாம் என்பதால் பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்ற பரிசோதனை இருக்கிறது. முடியை வெட்டி அனுப்பினால் உடம்பின் நச்சையெல்லாம் பட்டியல் போட்டுத் தருகிறோம் என்பவர்களிடம் பணம் கட்டாதீர்கள்.

இரண்டாம் படி: பெட்டியைத் திறந்து பாருங்கள்

இந்தப் படிக்குப் பெரிய செலவு இல்லை. ஆனால் பலன் இதில்தான் அதிகம்.

முதலில் முகத்துக்குப் பூசும் வெண்மைக் கிரீம். தோல் கறுப்பதைத் தடுக்க அதில் பாதரச உப்பைக் கலப்பது பழைய வழக்கம். அது தோல் வழியாக இரத்தத்தில் ஏறி, சிறுநீரக வடிகட்டியைக் கெடுத்து, சிறுநீரில் புரதம் ஒழுகச் செய்யும். முகமும் காலும் வீங்கும், சிறுநீர் நுரைக்கும். கேரளத்தில் 2021 முதல் 2023 வரை மருத்துவர்கள் ஆராய்ந்த, மெம்பரனஸ் நெஃப்ரோபதி என்ற இந்த வடிகட்டிக் கோளாறு உள்ள நோயாளிகள் 22 பேரில் 15 பேருக்கு 'நெல்-1' என்ற அபூர்வ வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் வெண்மைக் கிரீம் பூசியவர்கள். பெரும்பாலும் கிரீமை நிறுத்திய பிறகு தேறக்கூடிய நோய் இது என்பதால்தான் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆண்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். கல்யாணத்துக்கு முன் மூன்று மாதம் பூசுகிறவர்கள் இரு பக்கமும் உண்டு.

மலேசியாவில் விற்கும் எந்த அழகுசாதனமும் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனமான என்.பி.ஆர்.ஏ.விடம் பதிவாகியிருக்க வேண்டும். பதிவு எண் 'என்.ஓ.டி.' என்ற எழுத்துகளில் தொடங்கும். அந்த நிறுவனத்தின் 'குவெஸ்ட் 3+' தேடல் பக்கத்தில் பொருளின் பெயரைத் தட்டினால் உண்மையா என்று தெரிந்துவிடும். பாதரசம் கண்டுபிடிக்கப்பட்டுப் பதிவு ரத்தான கிரீம்களின் பெயர்களை அவர்கள் அவ்வப்போது வெளியிடுகிறார்கள். பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் வாங்கியது, ஃபேஸ்புக் நேரலையில் வாங்கியது, ஊரில் அழகு நிலையத்து அக்கா தன் கையால் டப்பாவில் அடைத்துக் கொடுத்தது என்று எதுவானாலும், சேர்மானப் பட்டியல் இல்லையென்றால் வேண்டாம். 'வெள்ளி, தங்க நகையில் படாமல் பூசவும்' என்று எழுதியிருந்தால் அதுவே போதுமான சாட்சி. பாதரசம் நகையோடு சேர்ந்து கெடுக்கும். நிறுத்திய பிறகு தலையணை உறையையும் துண்டையும் மாற்றுங்கள். வீட்டில் பூசாதவர்களுக்கும் அவற்றின் வழியே பாதரசம் சேர்கிறது. டப்பாவை மூடி, நெகிழிப் பையில் கட்டித் தனியே வையுங்கள். கழிவறையில் கொட்ட வேண்டாம்.

அடுத்தது மருந்துப் பொட்டலங்கள். சித்த, ஆயுர்வேத மருந்துகளில் மூலிகை மட்டும் உள்ளவை வேறு, உலோகம் சேர்த்துச் செய்யும் பற்பம், செந்தூரம் வேறு. முறைப்படி புடம் போட்டால் நச்சு நீங்கிவிடும் என்பது மரபின் நிலைப்பாடு. புட்டியில் இருப்பது முறைப்படி செய்ததா என்று உங்களுக்கும் எனக்கும் தெரியாது என்பதுதான் சிக்கல். 2004இல் அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருள்களைச் சோதித்தபோது 14இல் காரீயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ இருந்தன. மலேசியாவில் பாரம்பரிய மருந்தைப் பதிவு செய்ய உலோக அளவைச் சோதித்துக் காட்ட வேண்டும், பதிவானதற்கு 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கி 'டி' என்று முடியும் எண் இருக்கும். ஊரிலிருந்து கொண்டுவந்ததில் இது இருக்காது. வைத்தியத்தின் மேல் நம்பிக்கை உள்ளவர்களை நான் மாற்ற வரவில்லை. எடுப்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள், ஆறு மாதத்துக்கு ஒரு முறை சிறுநீரகத்தைப் பாருங்கள், சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனம் என்றால் உலோகம் சேர்ந்ததைத் தொடாதீர்கள்.

இங்கே விற்கும் பதிவில்லாத ஜாமு என்ற மலாய் நாட்டு மருந்து மாத்திரைகளில் வேறு ஒரு தொல்லை உண்டு. இரண்டே நாளில் மூட்டுவலி பறந்துவிட்டது என்றால் உள்ளே ஸ்டீராய்டோ, டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரையோ அரைத்துக் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். இப்படிக் கலந்தவற்றை அதிகாரிகள் திரும்பத் திரும்பப் பிடிக்கிறார்கள். பெட்டியில் பட்டை பட்டையாகக் கொண்டுவந்த வலி மாத்திரைகளுக்கும் இதே எச்சரிக்கை. வெயிலில் வேலை செய்து நீர் வற்றிய உடம்புக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், மெஃபெனமிக் அமிலம் போன்றவை சிறுநீரகத்துக்கு வரும் இரத்தத்தைக் குறைத்துவிடும்.

பிறகு சமையல் பாத்திரம். ரசம் வைக்க அம்மா கொடுத்தனுப்பிய ஈயச்சொம்பு நல்ல வெள்ளீயமாக இருந்தால் பிரச்சினை இல்லை. மலிவாகக் கிடைப்பதற்காகக் காரீயம் கலந்திருந்தால், புளியும் தக்காளியும் சூட்டில் அதைக் கரைத்து எடுத்துவிடும். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. எங்கே வாங்கியது என்று உறுதியாகத் தெரியாத சொம்பைப் பூஜை அறையில் வைத்துவிட்டு ரசத்தை எவர்சில்வரில் வையுங்கள். மணம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். பொட்டலம் இல்லாத சுர்மா, கண்மை, பளிச்சென்ற ஆரஞ்சு நிறக் குங்குமம், சில்லறையில் அள்ளிப்போட்ட பளபளக்கும் மஞ்சள்தூள் இவற்றிலும் காரீயம் வந்திருக்கிறது.

மூன்றாம் படி: வேலையிடம்

அலுவலகத்தில் கணினிமுன் உட்காருபவர்கள் இதைத் தாண்டிப் போகலாம்.

பேட்டரி உடைக்கும், மறுசுழற்சி செய்யும் இடங்கள், உலோக முலாம் பூசும் பட்டறை, ரேடியேட்டர் பற்றவைப்பு, வெல்டிங், பழைய மின்சாதனங்களை உடைத்துப் பிரிக்கும் கொட்டகை, கரைப்பான் கலந்த பெயின்ட் அடிப்பது, தோட்டத்தில் களைக்கொல்லி தெளிப்பது. இவற்றில் ஏதாவது ஒன்றில் நீங்கள் இருந்தால் வீட்டுத் தண்ணீரைவிட வேலையிடம் பத்து மடங்கு கவனத்துக்கு உரியது. களைக்கொல்லிகளில் சிறுநீரகத்தையும் நுரையீரலையும் ஒரே மடக்கில் அழிக்கக்கூடிய பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தடை செய்யப்பட்டிருக்கிறது. யாராவது பழைய கேனைக் கொடுத்தால் தெளிக்க மறுக்கலாம்.

நகைப் பட்டறைக்கு வரும் பத்தர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஊரில் கே.டி.எம். நகை என்று விற்பார்கள். பற்றவைப்பில் காட்மியம் சேர்த்துச் செய்வது. அணிபவருக்கு ஆபத்தில்லை. ஊதுகுழலால் உருக்கும்போது எழும் ஆவியை மூச்சில் இழுக்கும் தொழிலாளிக்குத்தான் அது நுரையீரலுக்கும் பிறகு சிறுநீரகத்துக்கும் போகிறது. காட்மியம் இல்லாத பற்றுக் கலவை கிடைக்கிறது. முதலாளி அதை வாங்கித் தரவேண்டும். ஜன்னலைத் திறந்துவைப்பது மட்டும் போதாது; புகையைப் பிறந்த இடத்திலேயே உறிஞ்சி வெளியேற்றும் குழாய் வேண்டும். துணி முகமூடி உலோக ஆவியைத் தடுக்காது.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது, தெரிந்து வைத்திருப்பது நல்லது. 2000ஆம் ஆண்டின் இரசாயன விதிமுறைப்படி ஆபத்தான இரசாயனம் பயன்படுத்தும் முதலாளி அதன் உடல்நல அபாயத்தை மதிப்பிட வேண்டும், தொழிலாளிக்குச் சொல்லிப் பயிற்சி தர வேண்டும், தேவைப்படும் இரசாயனங்களுக்குத் தொழில்சார் நல மருத்துவரைக் கொண்டு பரிசோதிக்க வேண்டும். செலவு முதலாளியுடையது. இரசாயன டின்னின் மேல், சிவப்புச் சாய்சதுரத்துக்குள் மனித மார்பில் நட்சத்திரம் வெடித்தது போன்ற படம் இருந்தால் அது உள்ளுறுப்பைப் பாதிக்கக்கூடியது. அதன் பாதுகாப்புத் தாள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கவேண்டும் என்பது 2013 முதல் விதி. அதில் 'புவா பிங்காங்' என்ற சொல்லைத் தேடுங்கள். மலாயில் சிறுநீரகம்.

இன்னும் இரண்டு விஷயம். வேலை உடையோடு வீட்டுக்குப் போகாதீர்கள். காரீயத் தூசு சட்டையில் ஏறிக் குழந்தைவரை போகும். கையைக் கழுவாமல் சாப்பிடாதீர்கள், பட்டறைக்குள் சிகரெட் பற்றவைக்காதீர்கள். அப்புறம், 2019 ஜனவரி 1 முதல் சட்டபூர்வமாக வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் பெர்கேசோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் வேலை விபத்துத் திட்டத்தில் வருகிறார்கள். தொழிலால் வந்த நோயும் அதில் அடக்கம். முதலாளி உங்களைப் பதிந்திருக்கிறாரா என்று முதல் மாதமே கேளுங்கள். பாதுகாப்புக் குறைகளை ஜே.கே.கே.பி. என்ற தொழில் பாதுகாப்புத் துறையிடம் புகார் செய்யலாம்.

கட்டுமானத் தளத்தில் இருப்பவர்களுக்கு இரசாயனத்தைவிட வெயில் பெரிய எதிரி. தினமும் நீர் வற்றி வற்றிச் சிறுநீரகம் சுருங்குவது மத்திய அமெரிக்கக் கரும்புத் தோட்டங்களில் தெரியவந்த ஒன்று. இலங்கையின் வடமத்திய மாகாணத்திலும் ஆந்திராவின் உத்தானத்திலும் விவசாயிகளைத் தாக்கும் காரணம் புரியாத சிறுநீரக நோயில் வெயிலுக்கும் வேளாண் இரசாயனத்துக்கும் பங்கு எவ்வளவு என்ற விவாதம் முடியவில்லை. தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் கால் மணிக்கு ஒரு குவளை குடிப்பதே வழி. இனிப்புப் பானம் கணக்கில் சேராது.

நான்காம் படி: புகை

ஜூன் முதல் அக்டோபர் வரை வறண்ட காலம். சுமத்ராவிலும் போர்னியோவிலும் கரிநிலம் (மட்கிய தாவரம் படிந்த சதுப்பு நிலம்) எரிந்தால் புகைமூட்டம் கோலாலம்பூர் இருக்கும் கிள்ளான் பள்ளத்தாக்கை மூடும். எல்லா வருடமும் வராது. 1997, 2005, 2013, 2015, 2019 ஆகியவை மோசமான வருடங்கள். நுண்துகள்கள் நுரையீரலோடு நிற்பதில்லை. இரத்தக் குழாய்களில் அழற்சியைத் தூண்டி இரத்த அழுத்தத்தை ஏற்றுகின்றன, சிறுநீரகத்தின் மெல்லிய குழாய்களுக்கு அது ஆகாது. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர்கள் சுமார் 25 லட்சம் பேரின் தரவுகளை வைத்து 2018இல் வந்த ஆய்வு, பி.எம். 2.5 துகள் கூடிய இடத்தில் வாழ்ந்தவர்களுக்குச் சிறுநீரக நோயும் கூடுதலாக வருவதைக் காட்டியது. இது தொடர்பைக் காட்டும் ஆய்வு. உங்கள் ஒருவருக்கு இதனால்தான் வந்தது என்று சொல்லாது.

சுற்றுச்சூழல் துறையின் தளத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டைப் பார்க்கலாம். மலாயில் ஐ.பி.யு. கோலாலம்பூருக்குள் செராஸிலும் பத்து மூடாவிலும் அளவு நிலையங்கள் உள்ளன. 50 வரை நல்லது, 100 வரை மிதம், 101 தொடங்கினால் உடல்நலத்துக்குக் கேடு, 201 மிகவும் கேடு, 300க்கு மேல் ஆபத்து. அந்த எண் 24 மணி நேரச் சராசரியைக் கொண்டது. அதனால் புகை திடீரென்று இறங்கும் மாலையில் எண் பின்தங்கி வரும். ஜன்னலுக்கு வெளியே இரட்டைக் கோபுரம் மங்கி, மூக்கில் கரிவாசம் அடித்தால் எண்ணுக்காகக் காத்திருக்காதீர்கள். ஜன்னலை மூடி, நன்றாகப் பொருந்தும் என்95 முகமூடி போட்டு, மைதானத்தில் ஓடுவதை நிறுத்துங்கள். ஒரு அறைக்கு மட்டும் ஹெப்பா வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்பான் வாங்குவது வீண் செலவல்ல. அகர்பத்தியையும் சாம்பிராணியையும் அந்தச் சில நாள்களுக்குக் குறைத்துக்கொள்ளலாம். கடவுள் கோபிக்க மாட்டார்.

புகைமூட்டத்துக்கு முகமூடி போட்டுக்கொண்டு, அதை இறக்கிவிட்டு சிகரெட் பிடிப்பவர்களை மாமாக் கடை என்ற இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை வாசலில் நிறையப் பார்க்கலாம். புகையிலைச் செடி மண்ணிலிருந்து காட்மியத்தை நன்றாக இழுக்கும். புகைப்பவர் உடலில் அது புகைக்காதவரைவிட ஏறக்குறைய இரட்டிப்பாக இருக்கும்.

ஐந்தாம் படி: தண்ணீர்

கோலாலம்பூர், சிலாங்கூர், புத்ராஜெயாவுக்குக் குழாய்நீர் தருவது ஆயர் சிலாங்கூர். சுத்திகரித்துக் கண்காணித்து வரும் நீர். ஆற்றில் யாராவது எதையாவது கொட்டினால் சுத்திகரிப்பு நிலையத்தையே மூடிவிடுகிறார்கள்: 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் சுங்கை கோங்கில் கரைப்பான் கலந்தபோது நான்கு நிலையங்கள் நின்று, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளுக்குத் தண்ணீர் இல்லாமல் போனது. எரிச்சலான நாள்கள்தான், ஆனால் கெட்ட நீரை அனுப்பாமல் நிறுத்தியதை நான் நல்ல அறிகுறியாகவே பார்க்கிறேன். இதனால் இரண்டு மூன்று நாளுக்கான குடிநீரை எப்போதும் சேமித்து வையுங்கள்.

கோளாறு பெரும்பாலும் கடைசிக் கட்டத்தில், உங்கள் கட்டடத்துக் குழாயிலும் மேல்தொட்டியிலும் பித்தளைக் குழாய்முனையிலும் வருகிறது. இரவெல்லாம் தேங்கிய முதல் நீரைக் கொஞ்சம் ஓடவிட்டு அதில் பாத்திரம் கழுவுங்கள், பிறகு குடிக்கப் பிடியுங்கள். சமையலுக்குச் சுடுநீர்க் குழாயைத் திறக்காதீர்கள். தொட்டியை எப்போது கழுவினார்கள் என்று வீட்டுக்காரரிடமோ அடுக்குமாடி நிர்வாகத்திடமோ கேளுங்கள். கொதிக்கவைப்பது கிருமியைக் கொல்லும், உலோகத்தை நீக்காது. நீர் ஆவியாகப் போக உலோகம் கொஞ்சம் செறிவாகவே ஆகும். சாதாரண வீட்டுக்கு மாற்றக்கூடிய கார்பன் வடிகட்டி போதும், நேரத்துக்கு மாற்றினால். மாற்றாத வடிகட்டி இல்லாததைவிட மோசம்.

கொங்சி என்ற தொழிலாளர் கொட்டகையில் தங்குபவர்களுக்கு மட்டும் நிலைமை வேறு. கிணற்று நீரோ, பழைய வெள்ளீயச் சுரங்கக் குட்டையிலிருந்து ஏற்றிய நீரோ குடிக்கவும் சமைக்கவும் ஆகாது. அந்த நிலத்தில் ஆர்சனிக் கலந்த தாதுக்கள் இருந்தன. குட்டையில் தூண்டில் போட்டுப் பிடிக்கும் மீனைத் தினமும் சாப்பிடுவதும் வேண்டாம். ஒப்பந்தக்காரரிடம் குழாய்நீர் கேட்பது உங்கள் உரிமை.

ஆறாம் படி: சாப்பாடு

கெராங் என்ற சிப்பியை இங்கே சார் குவே தியாவ், கறி மீ என்ற நூடுல்ஸ் வகைகளில் போடுவார்கள். சேற்றுநீரை வடிகட்டித் தின்னும் உயிர். சேற்றில் உள்ள உலோகம் அதில் சேரும். எப்போதாவது சாப்பிட்டால் ஒன்றுமில்லை. ஆட்டு ஈரல், கிட்னிக்கும் அதே அளவு. பெண்களுக்கு இரும்புச்சத்து குறைந்தால் குடல் காட்மியத்தைக் கூடுதலாக உறிஞ்சும், ஆகவே இரத்தசோகையைச் சரிசெய்வதும் சிறுநீரகப் பாதுகாப்புதான்.

அரிசியில் ஆர்சனிக் பற்றிப் படித்து அலறுபவர்களுக்கு: நிறையத் தண்ணீரில் வேகவைத்துக் கஞ்சியை வடித்தால் அதில் ஒரு நல்ல பங்கு போய்விடும். இங்கே வந்ததும் எல்லோரும் ரைஸ் குக்கருக்கு மாறிவிடுகிறோம், அதில் எல்லாம் சோற்றிலேயே நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமையாவது வடியுங்கள். மெலமைன் கிண்ணத்தில் கொதிக்கும் சூப் வேண்டாம், கொதிக்கும் குழம்பை நெகிழிப் பையில் கட்டித் தாப்பாவ், அதாவது பார்சல், வாங்குவதும் வேண்டாம். டிபன் பாக்ஸ் கொண்டுபோனால் யாரும் மறுப்பதில்லை. 2013இல் தைவானில் செய்த சிறு ஆய்வில் மெலமைன் கிண்ணத்தில் சூடான நூடுல்ஸ் சாப்பிட்டவர்களின் சிறுநீரில் மெலமைன் கூடியது.

மாசு இல்லை என்றாலும் இங்கே புதியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இரண்டு. ஜெரிங் என்ற கொட்டை, மலாய்ச் சாப்பாட்டுக் கடையில் உலாமாக, அதாவது தொட்டுக்கொள்ளும் பச்சைக் காய்கறியாக, வைத்திருப்பார்கள். அதிகம் தின்றால் அதன் அமிலம் படிகமாகிச் சிறுநீரை அடைத்துவிடும். பெலிம்பிங் என்ற நட்சத்திரப் பழம் ஆரோக்கியமானவருக்குக் கொஞ்சம் பரவாயில்லை. சிறுநீரகம் பலவீனமானவருக்கு விடாத விக்கல், குழப்பம், வலிப்பு வரை போகும். அவர்கள் ஒரு துண்டுகூடச் சாப்பிடக் கூடாது.

மருத்துவரிடம் எப்போது

சிறுநீரில் சோப்பு நுரை போல நிற்பது, காலையில் கண் இமை வீக்கம், மாலையில் கணுக்கால் வீக்கம், சிவந்த அல்லது தேநீர் நிறச் சிறுநீர், காரணமில்லாமல் ஏறிய இரத்த அழுத்தம் இவற்றில் ஏதாவது இருந்தால் அந்த வாரமே போங்கள். சிறுநீர் வெகுவாகக் குறைந்தால், மூச்சு வாங்கினால் அன்றைக்கே அவசரப் பிரிவு. சாதாரணப் பரிசோதனைக்கு அருகிலுள்ள தனியார் கிளினிக்கோ அரசு சுகாதார கிளினிக்கோ போதும்; அரசு இடங்களில் வெளிநாட்டவருக்குக் கட்டணம் வேறு, முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

போகும்போது சாப்பிடும் மாத்திரை, லேகியம், பூசும் கிரீம் எல்லாவற்றையும் டப்பாவோடு ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். பெயர் சொன்னால் மருத்துவருக்குப் புரியாது, டப்பா புரியும். வேலையில் தொடும் இரசாயனத்தின் லேபிளைப் போனில் படம் எடுத்து வையுங்கள். உடலிலிருந்து உலோகத்தை இழுத்தெடுக்கிறோம் என்று ஊசி போடும் 'டீடாக்ஸ்' இடங்களுக்குப் போக வேண்டாம். அந்த மருந்தே தவறான ஆளுக்குத் தவறான அளவில் போனால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். மருத்துவமனையில் இரத்த அளவைப் பார்த்து முடிவெடுப்பது வேறு.

எதையாவது விழுங்கிவிட்டாலோ, சந்தேகமான கிரீம், மருந்து பற்றிக் கேட்க வேண்டுமென்றாலோ பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையத்தை 1-800-88-8099 என்ற இலவச எண்ணில் அழைக்கலாம். அழைக்கும்போது டப்பா கையில் இருக்கட்டும். முதலில் அதில் எழுதியிருப்பதைத்தான் வாசிக்கச் சொல்வார்கள்.